சீரியல் கார்டின் முகவரியும் மணியும்

சீரியல் கார்டு ஒன்றைக் கணினிக்குள் பொருத்தியவர் இரண்டு எண்களைத் தீர்மானித்தாக வேண்டியிருந்தது. முதலாவது முகவரி: பிராசஸர் அந்தக் கார்டோடு பேச எந்த எண்ணைக் கூப்பிடுவது? இரண்டாவது இண்டரப்ட்: வெளியிலிருந்து ஓர் எழுத்து வந்து சேர்ந்ததும் கார்டு எந்தக் கம்பி வழியாக மணி அடித்துப் பிராசஸரைக் கூப்பிடுவது? வேகம், பாரிட்டி, ஸ்டாப் பிட் போன்ற மற்ற அமைப்புகளைப் பெரும்பாலும் மென்பொருளே எப்போது வேண்டுமானாலும் மாற்றிவிடலாம். முகவரியையும் மணியையும் அப்படி மாற்ற முடியவில்லை. 1975 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவற்றைக் கார்டின் மேலேயே கம்பியாலும் சுவிட்சாலும் ஜம்பராலும் குறித்து வைக்க வேண்டியிருந்தது. மனிதக் கையிலிருந்த அந்த முடிவு மெல்ல மெல்லக் கார்டுக்கே போய்ச் சேர்ந்ததுதான் இதன் வரலாறு.

சீரியல் தொடர்பு கணினியைவிட மூத்தது. தந்தி அலுவலகங்களில் ஓடிய டெலிபிரிண்டர்கள் ஓர் எழுத்தின் பிட்டுகளை ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பின. ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் ஒரு ஸ்டார்ட் பிட் போகும், பின்னால் ஸ்டாப் பிட் வரும். இரண்டு எழுத்துகளுக்கு நடுவே எவ்வளவு நேரம் கம்பி சும்மா கிடந்தாலும் கவலையில்லை. வேகத்துக்கு வழங்கும் ‘பாட்’ என்ற அலகு பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் எமில் போதோவின் பெயரிலிருந்து வந்தது. 1963-இல் வந்த டெலிடைப் மாடல் 33 இயந்திரம் 110 பாட் வேகத்தில் ஓடியது. ஓர் எழுத்துக்கு 11 பிட் என்ற கணக்கில் அது நொடிக்குப் பத்து எழுத்து அடித்தது.

இந்த இயந்திரங்களைத் தொலைபேசி மோடத்தோடு இணைக்க ஒரு பொது விதி தேவைப்பட்டது. அமெரிக்க எலக்ட்ரானிக்ஸ் தொழில்துறைச் சங்கம் 1960-இல் ஆர்எஸ்-232 என்ற பரிந்துரையை வெளியிட்டது. உலகெங்கும் நிலைபெற்ற ஆர்எஸ்-232-சி திருத்தம் 1969-இல் வந்தது. வாங்கும் முனையில் +3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் அது 0. −3 வோல்ட்டுக்குக் கீழே போனால் 1. கம்பியின் ஒரு முனையில் இருப்பது டெர்மினல், மறுமுனையில் இருப்பது மோடம் என்று அந்த விதி எடுத்துக்கொண்டது. இரண்டு முனையிலும் கணினிகளே உட்காரக்கூடும் என்று அன்று யாரும் எழுதிவைக்கவில்லை. அனுப்பும் கம்பியையும் வாங்கும் கம்பியையும் குறுக்கே மாற்றிக் கட்டும் ‘நல் மோடம்’ கேபிளுக்கு இந்த விடுபடலே காரணம்.

பிட்டுகளை வரிசையாக வெளியே தள்ளி, உள்ளே வருவதை மறுபடி எழுத்தாகச் சேர்க்கும் சுற்றை டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் கார்டன் பெல் வடிவமைத்தார். 1970களின் தொடக்கத்தில் வெஸ்டர்ன் டிஜிட்டல் அதை ஒரே சில்லுக்குள் அடக்கியது. யூஆர்ட் என்ற பெயர் நிலைத்தது. சில்லு வந்த பிறகு சீரியல் கார்டு செய்வதே எளிதாகிவிட்டது: ஒரு யூஆர்ட், வேகத்துக்கு ஒரு படிகம், வோல்ட்டேஜை மாற்றித்தரும் இரண்டு மூன்று சில்லுகள், முகவரியை அடையாளம் காணும் சிறு சுற்று. அமைப்பது பற்றிய தலைவலி முழுவதும் இந்தக் கடைசிப் பகுதியில்தான் பிறந்தது.

1975 ஜனவரியில் பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் இதழின் அட்டையில் வந்த ஆல்டேர் 8800 கணினிக்குச் சீரியல் கார்டு தனியாக வாங்க வேண்டிய உதிரி. முதலில் வந்த 88-எஸ்ஐஓ கார்டில் முகவரியும் வேகமும் கம்பித் துண்டுகளால் தீர்மானிக்கப்பட்டன. வாங்கியவர் குறிப்பிட்ட துளைகளுக்கு நடுவே கம்பியைப் பற்றவைக்க வேண்டும். வேகத்தை மாற்ற நினைத்தால் மறுபடியும் பற்றுக்கோலைச் சூடாக்க வேண்டியதுதான். எந்தக் கார்டு பொருத்தப்பட்டிருக்கிறது என்று மென்பொருளுக்குத் தெரியாது. அதனால் பிற்கால ஆல்டேர் பேசிக்கை ஏற்றுகிறவர், கணினியின் முகப்பில் இருந்த சென்ஸ் சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளி அதைத் தானே சொல்லிக்கொடுத்தார். கார்டால் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள முடியாத குறை அன்றே கண்ணுக்குத் தெரிந்தது. அது தீர இன்னும் பதினெட்டு ஆண்டுகள் பிடித்தன.

அந்தக் குறையின் பாதியை ஆப்பிள் முன்னதாகவே தீர்த்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். 1977-இல் வந்த ஆப்பிள் II கணினியில் 0 முதல் 7 வரை எண்ணிட்ட எட்டு ஸ்லாட்டுகள் இருந்தன. ஸ்டீவ் வாஸ்னியாக் முகவரியைக் கார்டில் வைக்காமல் ஸ்லாட்டில் வைத்தார். ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் மதர்போர்டிலிருந்து தனிக் கம்பி ஒன்று போகும். இரண்டாவது ஸ்லாட்டில் எதைச் செருகினாலும் அது இரண்டாவது ஸ்லாட்டின் முகவரிகளுக்கே பதில் சொல்லும். இரண்டு கார்டுகள் ஒரே முகவரிக்கு அடித்துக்கொள்ள வழியே இல்லை. 1981-இல் வந்த ஆப்பிளின் சூப்பர் சீரியல் கார்டில் ஏழேழு சிறு சுவிட்சுகள் கொண்ட இரண்டு வரிசைகள் வேகம் முதலியவற்றைக் கவனித்துக்கொண்டன. அந்தக் கார்டின் அழகு அதன் நடுவில் செருகியிருந்த ஒரு சிறு கட்டையில் இருந்தது. கட்டையில் ஒரு முக்கோணக் குறி. அது ‘மோடம்’ என்ற சொல்லைக் காட்டும்படி செருகினால் கார்டு மோடத்தோடு பேசும். பிடுங்கித் திருப்பி ‘டெர்மினல்’ பக்கம் காட்டும்படி செருகினால் அனுப்பும் கம்பியும் வாங்கும் கம்பியும் இடம் மாறி, பிரிண்டரோடு பேசும். நல் மோடம் கேபிள் செய்யும் வேலை முழுவதும் விரல் நுனி அளவுக் கட்டைக்குள் அடங்கிவிட்டது.

அதே 1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் தன் பர்சனல் கம்ப்யூட்டரை அறிவித்தது. ஃபுளோரிடாவின் போகா ரட்டோனில் வடிவமைக்கப்பட்ட அந்த இயந்திரத்தில் ஐந்து ஸ்லாட்டுகள். ஐந்துக்கும் போன கம்பிகள் ஒன்றே. எனவே தான் எந்த ஸ்லாட்டில் இருக்கிறோம் என்று கார்டுக்கே தெரியாது; முகவரியைக் கார்டே சுமந்து வர வேண்டும். கார்டுகள் முகவரியின் பத்து பிட்டுகளை மட்டுமே பார்த்தன. பத்து பிட் என்றால் மொத்தம் 1024 முகவரிகள். அதிலும் ஒரு பகுதி மதர்போர்டுக்கே போய்விடும். ஐபிஎம்மின் ஏசிங்க்ரனஸ் கம்யூனிகேஷன்ஸ் அடாப்டர் இந்த வரிசையின் கடைசி எட்டு இடங்களைப் பிடித்தது: பதினறும எண்ணில் 3எஃப்8 முதல் 3எஃப்எஃப் வரை. இரண்டாவது கார்டு போடுகிறவர் அதன் ஜம்பரை மாற்றினால் அது 2எஃப்8-க்குப் போகும். அதே கார்டில் டெலிடைப் காலத்து 20 மில்லியாம்பியர் கரண்ட் லூப் முறைக்கு மாற்றும் வசதியும் இருந்தது.

மணிகளின் நிலை இன்னும் நெருக்கடியானது. 8259 என்ற இண்டரப்ட் சில்லு ஒன்று, அதற்கு எட்டுக் கம்பிகள். 0 கடிகாரத்துக்கு, 1 கீபோர்டுக்கு. 6 ஃபிளாப்பி டிரைவுக்கு, 7 பிரிண்டருக்கு. 1983-இல் ஐபிஎம்மின் எக்ஸ்டி கணினி வந்தபோது 5-ஐ ஹார்டு டிஸ்க் எடுத்துக்கொண்டது. 3எஃப்8-இல் இருக்கும் சீரியல் கார்டுக்கு 4, 2எஃப்8-இல் இருப்பதற்கு 3. இன்றைக்கும் நெட்வொர்க் பொறியாளர்களும் சர்வர் பார்ப்பவர்களும் மனப்பாடமாகச் சொல்லும் ‘3எஃப்8, ஐஆர்க்யூ 4’ என்ற ஜோடி அன்று பிறந்தது; ஐஆர்க்யூ என்பது மணிக் கம்பியின் எண்.

கார்டில் இருந்த சில்லு நேஷனல் செமிகண்டக்டரின் 8250. அதற்கு 1.8432 மெகாஹெர்ட்ஸ் படிகம் கொடுக்கப்பட்டது. விசித்திரமாகத் தெரியும் இந்த எண்ணுக்குக் கணக்கு உண்டு. அதைச் சில்லு 16-ஆல் வகுத்துக்கொள்ளும்; கிடைப்பது 1,15,200. அதை 12-ஆல் வகுத்தால் 9600, 96-ஆல் வகுத்தால் 1200, 384-ஆல் வகுத்தால் 300. அன்று புழங்கிய வேகங்கள் பெரும்பாலும் மீதியில்லாமல் வந்து விழுகின்றன. வகுக்கும் எண்ணை மென்பொருள் சில்லுக்குள் எழுத வேண்டும். ஆல்டேரின் பற்றுக்கோல் வேலை இங்கே ஒரு கட்டளையாகச் சுருங்கிவிட்டது.

அந்தக் கட்டளையைக் கிட்டத்தில் பார்ப்பது நல்லது. ஐபிஎம் கணினியின் இயங்குதளமான டாஸில் ‘மோட் காம்1:9600,என்,8,1’ என்று தட்டினால், காம்1 என்ற முதல் சீரியல் போர்ட்டுக்கு வேகம் 9600, பாரிட்டி இல்லை, எட்டு டேட்டா பிட், ஒரு ஸ்டாப் பிட் என்று பொருள். இதற்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று அறிய விரும்பியவர்கள் டீபக் நிரலைத் திறந்து தாமே எழுதிப் பார்த்தார்கள். முதலில் 3எஃப்பி முகவரியில் 80. இதைக் கண்டதும் சில்லு தன் முதல் இரண்டு இடங்களை வகுஎண்ணுக்காகத் திறந்துவிடும். பிறகு 3எஃப்8-இல் 0சி, அதாவது 12; 3எஃப்9-இல் 00. கடைசியாக மறுபடி 3எஃப்பி-இல் 03. திறந்த கதவு மூடப்பட்டது, எட்டு பிட், பாரிட்டி இல்லை. எழுதிய நான்கு எண்களும் சரியாக இருந்தால் மறுமுனையில் உள்ள மோடமோ பிரிண்டரோ பேசத் தொடங்கும். ஓர் எண் பிசகினால் திரை முழுக்கக் கிறுக்கல்.

முகவரிக்கும் பெயருக்கும் உள்ள உறவு வேறு கதை. கணினி எழும்போது அதன் தொடக்க நிரலான பயாஸ் முதலில் 3எஃப்8 பக்கமும் பிறகு 2எஃப்8 பக்கமும் ஒரு ரெஜிஸ்டரைப் படித்துப் பார்க்கும். கிடைத்த விடையில் மேல் ஐந்து பிட்டும் 0 என்றால் அங்கே 8250 இருக்கிறது என்று முடிவு செய்து, அந்த முகவரியை நினைவகத்தின் 40:0 இடத்தில் எழுதிவைக்கும். நான்கு போர்ட்டுகளுக்கு அங்கே இடம் உண்டு. டீபக்கில் அந்த இடத்தைப் பார்த்தால், இரண்டு கார்டு உள்ள கணினியில் ‘எஃப்8 03 எஃப்8 02 00 00 00 00’ என்று தெரியும். கீழ் பைட் முதலில் வருவதால் தலைகீழாகத் தோன்றும். 3எஃப்8, 2எஃப்8 என்று படிக்க வேண்டும். இடங்களை வரிசையாக நிரப்பிக்கொண்டே போவது பயாஸின் வழக்கம். எனவே 2எஃப்8-க்கு ஜம்பர் போட்ட கார்டு மட்டும் தனியாக இருந்தால், அதுவே காம்1 என்று பெயர் பெறும். பயாஸ் வழியாகப் பேசும் நிரலுக்கு இதனால் தொந்தரவில்லை. காம்1 என்றாலே மணி 4 என்று நம்பி எழுதப்பட்ட நிரலோ மூன்றாம் கம்பியில் அடிக்கும் மணியைக் கேட்காமல் உட்கார்ந்திருக்கும். போர்ட் ‘வேலை செய்கிறது, ஆனால் வேலை செய்யவில்லை’ என்ற புகார்களில் கணிசமானவை இங்கிருந்து கிளம்பியவை.

1984-இல் வந்த ஐபிஎம்மின் ஏடி கணினி இரண்டாவது 8259 சில்லைச் சேர்த்து இண்டரப்ட் கம்பிகளைப் பெருக்கியது. சீரியல் போர்ட்டின் 25 ஊசி இணைப்பியையும் 9 ஊசியாகச் சுருக்கியது. சுருக்கியபோது அனுப்பும் ஊசியும் வாங்கும் ஊசியும் இடம் மாறின: 25-இல் அனுப்புவது 2, வாங்குவது 3, ஒன்பதில் வாங்குவது 2, அனுப்புவது 3. கேபிள் கட்டுகிறவர்கள் இன்றுவரை இதைச் சரிபார்க்காமல் பற்றவைப்பதில்லை.

இதற்குள் ஐபிஎம் அல்லாத கணினிகள் பெருகின. 1980களின் பிற்பகுதியிலிருந்து தைவானில் செய்த ‘மல்ட்டி ஐஓ’ கார்டுகள் சந்தையை நிறைத்தன. ஹார்டு டிஸ்க், ஃபிளாப்பி, இரண்டு சீரியல், ஒரு பேரலல், ஜாய்ஸ்டிக் எல்லாம் ஒரே கார்டில். சென்னை ரிச்சி தெருவில் உதிரிகள் வாங்கி 386, 486 கணினிகளை அசெம்பிள் செய்தவர்களின் கைகளில் இந்தக் கார்டுகள் ஏராளமாகப் புழங்கின. அவற்றின் கையேடு பெரும்பாலும் மடித்த ஒரே தாள். அதில் இருபது முப்பது ஜம்பர்களின் படம். ஜம்பர் என்பது கறுப்பு பிளாஸ்டிக்குக்குள் செப்புத் தகடு வைத்த ஒரு சிறு தொப்பி. இரண்டு ஊசிகளின் மேல் அதைக் கவிழ்த்தால் சுற்று மூடும், எடுத்தால் திறக்கும். ஆட்காட்டி விரலும் கட்டைவிரலும் நுழையாத இடுக்கில் அது இருக்கும், மூக்குக்குறடு வேண்டும். வேண்டாத ஜம்பரை எறிந்துவிடாமல் ஒரே ஓர் ஊசியில் தொங்கவிடுவது இந்தத் தொழிலில் தேர்ந்தவர்களின் பழக்கம். நாளை தேவைப்படும்போது அது அங்கேயே இருக்கும்.

கார்டிலிருந்து கணினியின் முதுகுக்கு வரும் பட்டைக் கேபிளிலும் ஒரு பொறி இருந்தது. கேபிளின் சிவப்பு ஓரம் ஒன்றாம் ஊசியில் உட்கார வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பத்து ஊசிகளை ஒன்பது ஊசி இணைப்பியோடு கட்டும் முறைகள் இரண்டு இருந்தன என்பது பலருக்குத் தெரியாது. ஒரு கார்டோடு வந்த கேபிளை வேறு கார்டில் செருகினால், முகவரி சரி, மணி சரி, சில்லு சரி. இருந்தும் போர்ட் ஊமையாகவே இருக்கும்.

இரண்டு போர்ட் போதாமல் போனதற்கு மௌஸும் மோடமும் காரணம். மைக்ரோசாஃப்ட்டின் சீரியல் மௌஸ் 1200 பாட் வேகத்தில், அசைவு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் அனுப்பியது. அதற்குத் தனி மின்சாரம் கிடையாது. போர்ட்டின் கட்டுப்பாட்டுக் கம்பிகளில் ஓடும் வோல்ட்டேஜே அதற்கு உணவு. டிரைவர் அந்த மின்சாரத்தை ஒருமுறை அணைத்துப் போட்டதும் மௌஸ் ‘எம்’ என்ற ஓர் எழுத்தை அனுப்பும். நான் இங்கே இருக்கிறேன் என்று அதற்குப் பொருள். இத்தனை சிறிய கருவி தன்னை அறிமுகம் செய்துகொண்டது. அதைத் தாங்கிய கார்டுக்குத்தான் அது கைவரவில்லை. மோடம் பக்கத்தில் 1981-இல் ஹேஸ் நிறுவனம் கொண்டுவந்த ஸ்மார்ட்மோடம் சீரியல் கம்பி வழியாகவே கட்டளை வாங்கும் முறையைத் தொடங்கிவைத்தது. கணினிக்குள்ளேயே செருகும் இண்டர்னல் மோடங்கள் பின்னர் பெருகின. அவை தம் யூஆர்ட் சில்லைத் தாமே கொண்டுவந்தன. ஆகவே ஒவ்வொன்றும் மறைமுகமாக இன்னொரு சீரியல் கார்டு.

காம்3, காம்4 தேவைப்பட்டன. 3இ8, 2இ8 என்ற முகவரிகள் வழக்கத்தில் நிலைபெற்றன. 1987-இல் வந்த டாஸ் 3.3 இந்த இரண்டு பெயர்களையும் ஏற்றுக்கொண்டது. முகவரி புதிதாகக் கிடைத்தது, மணி கிடைக்கவில்லை. காம்3-க்கு மறுபடியும் 4, காம்4-க்கு மறுபடியும் 3.

ஒரே மணியை இருவர் பங்கிட்டால் என்ன ஆகும்? ஐஎஸ்ஏ என்று பெயர் பெற்ற அந்த ஐபிஎம் வகை ஸ்லாட்டில் 8259 சில்லு கம்பியின் வோல்ட்டேஜ் தாழ்விலிருந்து உயரும் அந்தக் கணத்தை மட்டுமே கவனிக்கிறது. முதல் கார்டு கம்பியை உயர்த்தி வைத்திருக்கும்போது இரண்டாவது கார்டும் உயர்த்தினால், புதிதாக ஓர் ஏற்றம் நிகழாது. இரண்டாவது கூப்பாடு காற்றில் போய்விடும். அதோடு, ஒரு கார்டு கம்பியை உயர்த்தப் பார்க்கையில் மற்றொன்று தாழ்த்திப் பிடித்திருந்தால் இரண்டு சில்லுகளும் மின்சாரத்தில் மல்லுக்கட்டும். 8250-இன் ‘அவுட்2’ என்ற ஊசியைக் கொண்டு, பயன்பாட்டில் இல்லாத போர்ட்டைக் கம்பியிலிருந்து கழற்றிவிடும் ஏற்பாட்டை ஐபிஎம் செய்திருந்தது. அதனால் காம்1-ம் காம்3-ம் ஒரே கணினியில் இருக்கலாம். ஒரே நேரத்தில் உழைக்க முடியாது. மௌஸ் காம்1-இலும் மோடம் காம்3-இலும் இருந்த வீடுகளில், மோடம் டயல் செய்யத் தொடங்கியதும் திரையில் அம்புக்குறி உறைந்து நின்றது. மௌஸ் கெட்டுவிட்டது என்று புதிய மௌஸ் வாங்கியவர்கள் உண்டு.

தப்பிக்கும் வழி மோடத்தின் ஜம்பரை 5-ஆம் கம்பிக்கு மாற்றுவது. ஏடிக்குப் பிறகு ஹார்டு டிஸ்க் வேறு கம்பிக்குப் போய்விட்டதால் அது பெரும்பாலும் சும்மா கிடந்தது. மாற்றியதை விண்டோஸ் 3.1-இன் கண்ட்ரோல் பேனலில் போர்ட் பகுதிக்குள் போய்ச் சொல்லவும் வேண்டும். 1990களின் நடுவில் சவுண்ட் கார்டுகளும் 5-ஐயே விரும்பியதால் அந்த வழியும் நெரிசலானது. காம்4-க்குத் தனி ஆபத்து இருந்தது: ஐபிஎம்மின் 8514/ஏ கிராஃபிக்ஸ் கார்டும் அதைப் பின்பற்றிய எஸ்3 போன்ற சில்லுகளும் 2இ8 முகவரியைப் பயன்படுத்தின. சீரியல் போர்ட்டுக்கும் மானிட்டர் படத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும் தோன்றாது. இரண்டு கார்டும் ஒரே கதவெண்ணுக்குப் பதில் சொன்னதுதான் சம்பந்தம்.

சில்லின் வேகமும் இதே காலத்தில் சோதனைக்கு வந்தது. 8250 வந்த எழுத்தை ஒன்றே ஒன்று மட்டும் கையில் வைத்திருக்கும். அடுத்தது வந்து சேர்வதற்குள் பிராசஸர் எடுத்துக்கொள்ளாவிட்டால் பழையது போயிற்று. 9600 வேகத்தில் இரண்டு எழுத்துக்கு நடுவே ஒரு மில்லிசெகண்டுக்குச் சற்று மேல் அவகாசம் உண்டு. 57,600 வேகத்தில் அது 174 மைக்ரோசெகண்ட். பல வேலைகளை ஒன்றாகப் பார்க்கும் விண்டோஸால் அத்தனை விரைவாக ஓடிவர முடியவில்லை. நேஷனல் செமிகண்டக்டரின் 16550 சில்லு 16 எழுத்து கொள்ளும் வரிசை ஒன்றைச் சேர்த்தது. முதல் வடிவத்தில் அந்த வரிசையில் பிழை இருந்ததால், நம்பி வாங்கத் தகுந்தது 16550ஏ என்று ஆனது. வரிசையில் 1, 4, 8 அல்லது 14 எழுத்து சேர்ந்ததும் மணி அடிக்கும்படி அமைக்கலாம். கணினியில் எந்தச் சில்லு இருக்கிறது என்பதை டாஸ் 6-உடன் வந்த எம்எஸ்டி நிரல் காட்டியது. வெளி மோடம் வைத்திருந்தவர்கள் ‘யூஆர்ட் சிப்’ என்ற அந்த ஒரு வரியைத்தான் முதலில் தேடினார்கள்.

இந்தியாவில் அந்தத் தேடலுக்குக் காரணம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. பொதுமக்களுக்கான இணையச் சேவையை அரசு நிறுவனமான விஎஸ்என்எல் அன்று தொடங்கியபோது, முதலில் சேவை பெற்ற நகரங்களில் சென்னையும் ஒன்று. தொலைபேசி, மோடம், சீரியல் போர்ட் என்ற மூன்றும் ஒழுங்காக இருந்தால்தான் இணையம். அலுவலகங்களில் அதற்கு முன்பே வேறொரு சீரியல் உலகம் ஓடிக்கொண்டிருந்தது. செனிக்ஸோ யுனிக்ஸோ ஓடும் ஒரு 386 கணினியில் எட்டு அல்லது பதினாறு போர்ட் கொண்ட மல்ட்டிபோர்ட் கார்டைச் செருகி, அத்தனை டெர்மினல்களில் அத்தனை பேர் வேலை பார்த்தார்கள். மணிப் பற்றாக்குறையை இந்தக் கார்டுகள் நேர்த்தியாகக் கடந்தன: எல்லாப் போர்ட்டுக்கும் ஒரே மணி, அடித்தது யார் என்று சொல்ல ஒரு தனி ரெஜிஸ்டர். மணி கேட்டதும் மென்பொருள் அதைப் படித்து உரிய போர்ட்டுக்குப் போகும்.

லினக்ஸின் பிறப்பிலும் சீரியல் போர்ட்டுக்குப் பங்குண்டு. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் மோடம் வழியாகத் தன் பல்கலைக்கழகக் கணினியோடு பேச எழுதிய டெர்மினல் நிரலே வளர்ந்து லினக்ஸ் ஆயிற்று. அந்த உலகில் காம்1-க்கு டிடிஒய்எஸ்0 என்று பெயர். முகவரியையும் மணியையும் ‘செட்சீரியல்’ என்ற கட்டளையால் சொல்லலாம். ஆனால் அது கார்டை மாற்றுவதில்லை. கார்டில் ஜம்பர் எங்கே இருக்கிறது என்று லினக்ஸுக்குத் தெரிவிப்பதோடு சரி. ஜம்பர் ஒன்று சொல்லக் கட்டளை வேறு சொன்னால் பழையபடி மௌனம்.

ஜம்பரை ஒழிக்கும் முதல் பெரிய முயற்சியை ஐபிஎம்மே செய்தது. 1987-இல் பிஎஸ்/2 கணினிகளோடு வந்த மைக்ரோ சேனலில், ஒரு ஃபிளாப்பியிலிருந்து நிரலை ஓட்டினால் அது ஒவ்வொரு கார்டையும் அடையாளம் கண்டு முகவரி வழங்கும்; மணியையும் பங்கிடலாம். ஆனால் பழைய கார்டு எதுவும் அதில் நுழையாது, உரிமக் கட்டணமும் உண்டு. மற்ற நிறுவனங்கள் பின்வாங்கி 1988-இல் இஐஎஸ்ஏ என்ற வேறொரு ஸ்லாட் முறையை அறிவித்தன. அது சர்வர்களோடு நின்றுவிட்டது. வீட்டுக் கணினிகளில் ஜம்பர்தான் ஆண்டது.

1993-இல் இண்டெலும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து வெளியிட்ட பிளக் அண்ட் பிளே ஐஎஸ்ஏ விதிமுறை இந்த வரலாற்றின் மிகக் கூர்மையான பகுதி. பிரச்சினை இதுதான்: எல்லா ஸ்லாட்டுக்கும் ஒரே கம்பிகள், கார்டுகளுக்கு இன்னும் முகவரியே இல்லை, முகவரி இல்லாதவர்களைத் தனித்தனியாகக் கூப்பிடுவது எப்படி? தீர்வு ஏலம் போன்றது. ஒவ்வொரு கார்டிலும் 72 பிட் நீளமுள்ள ஓர் அடையாள எண் பொறிக்கப்படுகிறது. ஒரே கணினியில் எந்த இரண்டு கார்டுக்கும் அது ஒன்றாக இராது. கணினி 279 என்ற முகவரியில் 32 பைட் கொண்ட ஒரு கடவுச்சொல்லை எழுதுகிறது. 279 பிரிண்டரின் நிலையைப் படிக்க மட்டும் இருக்கும் இடம். அங்கே எழுதினால் பழைய கார்டு எதுவும் பாதிக்கப்படாது. அதனால்தான் அந்த இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. கடவுச்சொல்லைக் கேட்ட கார்டுகள் விழிக்கின்றன. பிறகு கணினி அடையாள எண்ணை ஒவ்வொரு பிட்டாகக் கேட்கிறது. தன் பிட் 1 ஆக உள்ள கார்டு 55, ஏஏ என்ற இரண்டு எண்களைக் கம்பியில் வைக்கிறது. 0 ஆக உள்ள கார்டு பேசாமல் காது கொடுக்கிறது. 55, ஏஏ கேட்டால் வேறு யாரோ இருக்கிறார்கள் என்று புரிந்து இந்தச் சுற்றிலிருந்து விலகுகிறது. 72 பிட்டும் முடியும்போது மிஞ்சுவது ஒரே கார்டு. அதற்கு ஒரு வரிசை எண் கொடுத்துவிட்டு, விலகியவர்களைக் கொண்டு அடுத்த சுற்று. இப்படி ஒவ்வொருவரையும் பிரித்தெடுத்த பிறகு முகவரியும் மணியும் மென்பொருளாலேயே வழங்கப்படும். கம்பி ஒன்றைக்கூட மாற்றாமல், ஆல்டேர் காலத்திலிருந்து வந்த குறையை இது தீர்த்தது. இதைச் செய்தவர்கள் பாராட்டுக்குரியவர்கள்.

1995 ஆகஸ்ட் 24 அன்று வந்த விண்டோஸ் 95 இதை எல்லோர் மேசைக்கும் கொண்டுபோனது. ஜம்பர் வைத்த பழைய கார்டுகள் உடனே ஒழிந்துவிடவில்லை. நகரவே நகராத அவற்றின் நடுவே புதியவற்றை நெளித்து உட்காரவைக்க வேண்டியிருந்தது. முடியாதபோது டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி தோன்றியது. இதே ஆண்டுகளில் சீரியல் போர்ட்டுகள் கார்டை விட்டு மதர்போர்டுக்குள் குடிபோயின. ஜம்பருக்குப் பதில் பயாஸ் மெனுவில் ஒரு வரி: ‘3எஃப்8/ஐஆர்க்யூ4’, ‘2எஃப்8/ஐஆர்க்யூ3’, ‘3இ8/ஐஆர்க்யூ4’, ‘2இ8/ஐஆர்க்யூ3’. பிறகு வந்த பிசிஐ சீரியல் கார்டுகளுக்குக் கணினி எழும்போதே முகவரி கிடைத்துவிடும், மணியையும் பங்கிடலாம். கிடைக்கும் முகவரி பழைய நான்கில் ஒன்றாக இருக்காது என்பதால், 3எஃப்8-ஐ நேரடியாகக் கூப்பிடும் டாஸ் நிரல்களுக்கு அந்தக் கார்டு கண்ணிலேயே படாது. தொழிற்சாலைகளில் பழைய சிஎன்சி இயந்திரங்களுக்கு நிரல் ஏற்றுகிறவர்கள் பழைய கணினிகளைப் பொத்திப் பாதுகாப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 1996-இல் வந்த யுஎஸ்பி முகவரி, மணி என்ற இரண்டையுமே சாதனத்திடமிருந்து எடுத்துவிட்டது. யுஎஸ்பி-சீரியல் கேபிளைச் செருகினால் கிடைக்கும் ‘காம்7’ வெறும் பெயர். அதன் பின்னால் போர்ட் முகவரி எதுவும் இல்லை.

3எஃப்8 இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. மேகக் கணினிச் சேவைகளில் ஓடும் மெய்நிகர் இயந்திரங்கள் பலவற்றில், திரையில்லாத லினக்ஸ் தன் முதல் செய்திகளை டிடிஒய்எஸ்0 வழியாக வெளியே சொல்கிறது. அங்கே கார்டு இல்லை, படிகம் இல்லை, ஊசிகளும் கம்பிகளும் இல்லை. 16550ஏ சில்லைப் போல நடிக்கும் ஒரு மென்பொருள் மட்டும் 3எஃப்8 முகவரியிலும் 4-ஆம் மணியிலும் உட்கார்ந்திருக்கிறது. வேகத்தை 1,15,200 என்று அமைக்கும் லினக்ஸ் அதனிடமும் முறைப்படி வகுஎண் கதவைத் திறந்து, 3எஃப்8-இல் 1 என்று எழுதி, கதவை மூடுகிறது. மென்பொருள் அந்த எண்ணை வாங்கி வைத்துக்கொள்கிறது.